நரம்பைக் காட்டும் கண்ணாடி

கல்கத்தா ஆஸ்பத்திரிகளில் ‘சேனல்’ என்றால் டி.வி. சேனல் அல்ல. சலைன் ஏற்றுவதற்காக ஊசியோடு கையில் செருகி வைக்கும் மெல்லிய குழாய்க்கு இங்கே அதுதான் பெயர். நம் ஊரில் வென்ஃப்ளான் என்பார்கள். 82 வயதான என் தாயாரை வயிற்றுப்போக்குக்காக டாக்குரியாவில் ஒரு நர்ஸிங் ஹோமில் சேர்த்திருந்தபோது, இந்தச் சேனல் போடுவதற்கு ஐந்து இடங்களில் குத்த வேண்டியதாயிற்று. “மாஷிமா, முட்டோ கொருன்” என்று ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் அன்பாகத்தான் சொன்னாள். அம்மாவும் கையை மூடி மூடித் திறந்தாள். நான்காவது குத்துக்குப் பிறகு என் பக்கம் திரும்பி, “வேண்டாம்டா, வீட்டுக்குப் போயிடலாம்” என்றாள். உடம்பில் நீர் வற்றிக் கிடந்த நிலையில் அது நடக்கிற காரியமில்லை.

அன்றிரவு என் மகன் போனில், “அப்பா, நர்ஸ் மாட்டிக்கிற கண்ணாடி ஒண்ணு இருக்கு. போட்டுண்டா தோலுக்கு அடியில் இருக்கிற நரம்பெல்லாம் தெரியும். அங்கே இருக்கான்னு கேளுங்க” என்றான். மறுநாள் வார்டில் இருந்த மூத்த சிஸ்டரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே வங்காளியில் சொன்னதன் பொருள் இதுதான்: தெரிவது சரி, ஊசி உள்ளே போக வேண்டுமே! எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விஷயம். நாம் ‘நரம்பு கிடைக்கலை’ என்கிறோமே, அது உண்மையில் நரம்பு அல்ல. இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய் அது. பாடப்புத்தகத் தமிழில் சிரை. வங்காளிகளும் ‘ஷிரா’ என்றே சொல்கிறார்கள். பேச்சில் நாம்தான் எல்லாவற்றையும் நரம்பாக்கிவிட்டோம். இக்கட்டுரையிலும் வழக்கத்தை விடாமல் நரம்பு என்றே எழுதுகிறேன்.

நரம்பு நீலமாகத் தெரிவதால் உள்ளே நீல இரத்தம் ஓடுகிறது என்று நினைக்கிறவர்கள் இன்னும் உண்டு. இரத்தம் அங்கேயும் சிவப்புதான், சற்றுக் கருஞ்சிவப்பு. 1996இல் கனடா, ஜெர்மனி ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில், நரம்புக்கு மேலுள்ள தோலிலிருந்து திரும்பி வரும் ஒளியிலும் நீலத்தைவிடச் சிவப்பே அதிகம் என்று தெரிந்தது. சுற்றியுள்ள தோலைவிட அங்கே சிவப்பு குறைவு. அந்த வித்தியாசத்தைத்தான் கண்ணும் மூளையும் சேர்ந்து நீலமாக்கிக் காட்டுகின்றன. ஆக, வெறும் கண்ணால் நரம்பு தேடுவது கொஞ்சம் ஏமாற்று வேலைதான். நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்களுக்கு இந்த நீலமும் சரியாகத் தெரிவதில்லை.

இனிக் கருவிக்கு வருவோம். சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று உண்டு என்பதை 1800இல் வில்லியம் ஹெர்ஷல் ஒரு வெப்பமானியை வைத்துக் கண்டுபிடித்தார். அதுதான் அகச்சிவப்பு. அதில் சிவப்பை ஒட்டிய பகுதி, அதாவது ஏறத்தாழ 700 முதல் 900 நானோமீட்டர் வரையுள்ள ஒளி, தோலையும் கொழுப்பையும் ஓரளவு ஊடுருவிச் செல்லும். தோலின் கறுப்பு நிறமியும் இந்த ஒளியை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆனால் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அதை விழுங்கிவிடும். எனவே இந்த ஒளியைக் கைமேல் பாய்ச்சி, அதற்கேற்ற கேமராவால் பார்த்தால், வெளுத்த தோலில் நரம்புகள் கறுத்த கோடுகளாகத் தெரியும். மரத்தின் கிளைகளைப் போல அழகாகவே இருக்கும்.

ஒளி உள்ளே போனதும் நேராகப் போகாமல் சிதறுகிறது. அதனால் ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும் நரம்புதான் தெரியும். அதுவும் ஆழம் கூடக் கூட மங்கும். ஒளிச்சிதறல் என்றதும் நம்மவர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1907இல் கணக்குத் துறை உத்தியோகஸ்தராக இந்த ஊருக்கு வந்து, பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தில் ஆராய்ச்சி செய்தார். 1928இல் தம் பெயரால் வழங்கும் விளைவைக் கண்டதும் அங்கேதான். அந்தக் கழகம் இப்போது இருப்பது ஜாதவ்பூரில், டாக்குரியாவுக்கு அடுத்த ஸ்டேஷன். அவர் ஆராய்ந்தது வேறு வகைச் சிதறல்; ஆனாலும் தினமும் ரயிலில் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு தடவையாவது அவரை நினைக்கலாம்.

நரம்பு காட்டும் கருவிகளில் ஒரு வகை, கேமரா பிடித்த படத்தைத் தோலின் மேலேயே விளக்கொளியாகத் திருப்பி வீசுபவை. அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தில் உருவான வெயின்வியூயர் அப்படிப்பட்டது. கையில் பிடித்துக் காட்டும் அக்யூவெய்ன் பிறகு வந்தது. என் மகன் சொன்ன கண்ணாடி மூன்றாவது வகை. 2013இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த எவீனா என்ற நிறுவனம், எப்சன் கம்பெனியின் மூவீரியோ கண்ணாடியில் கேமராவைப் பொருத்தி இதை அறிவித்தது. சிஸ்டரின் இரண்டு கையும் காலியாக இருப்பது இதன் லாபம். ஒரு கை தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும், மறு கை ஊசியைச் செலுத்த வேண்டும். கருவியைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது?

கண்ணாடியில் ஒரு சங்கடமும் உண்டு. ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தோன்றும். கேமரா ஓரிடத்திலும் கண் ஓரிடத்திலும் இருந்தால் இதேதான் நடக்கும். நரம்பின் அகலம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். படம் அந்த அளவு நகர்ந்தாலே ஊசி பக்கத்தில் போய்விடும். கேமராவையும் படத்தையும் ஒத்துப்போக வைப்பதுதான் பெரிய பாடு.

சரி, இவற்றை எப்படிப் பரிசோதிப்பது? ‘எத்தனை நரம்பு தெரிந்தது’ என்று எண்ணினால் கருவி எப்போதும் ஜெயிக்கும். எண்ண வேண்டியது, முதல் குத்திலேயே சேனல் உட்கார்ந்ததா என்பதை. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது போல இரண்டு குழுவாக்கி, ஒன்றுக்குக் கருவியோடும் மற்றதற்குக் கருவியில்லாமலும் போட்டுப் பார்க்க வேண்டும். வீசும் விளக்குக் கருவிகளை அப்படிப் பார்த்திருக்கிறார்கள். 2013இல் நெதர்லாந்தில் மூன்று கருவிகளைக் குழந்தைகளிடம் சோதித்ததில் முதல் குத்தின் வெற்றி கூடவில்லை. 2012இல் கொரியாவில் நடந்த சோதனையிலும் பொதுவாகப் பெரிய வித்தியாசமில்லை. நரம்பு கிடைப்பது கடினமான குழந்தைகளிடம் மட்டும் பலன் தெரிந்தது. 2013இல் அமெரிக்காவிலோ, அதே மாதிரிக் கடினமான குழந்தைகளிடம், அனுபவமுள்ள நர்ஸுகளின் முதல் குத்து கருவியால் மோசமாயிற்று!

எனக்கு இது முதலில் நம்ப முடியாததாக இருந்தது. யோசித்தால் புரிகிறது. படம் தட்டையானது, நரம்பு எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று அது சொல்வதில்லை. நரம்பு அழுத்தினால் ஸ்பிரிங் போல் எழும்புகிறதா, கயிறு போல் இறுகிக் கிடக்கிறதா என்பது விரலுக்குத்தான் தெரியும். வயதானவர்களுக்கு நரம்பு ஊசி பட்டதும் வழுக்கிக்கொண்டு நகரும். முன்பு குத்தியதில் தோலுக்கடியில் இரத்தம் கட்டியிருந்தால் அந்த இடமும் கருவியில் கறுப்பாகவே தெரியும். வருஷக்கணக்காக விரலை நம்பிப் பழகினவரைப் படத்தைப் பார்க்கச் சொன்னால் கை தடுமாறத்தானே செய்யும்! கண்ணாடியும் இதே ஒளியைத்தான் நம்பியிருக்கிறது. அதற்கும் இதே கேள்விதான்.

ஆழத்தில் இருக்கும் நரம்புக்கு அல்ட்ராசவுண்ட் வைத்துப் போடும் முறை உண்டு. மூன்று நான்கு தடவை தவறினால் அதற்குத் தெரிந்த டாக்டரைக் கூப்பிடச் சொல்லலாம். அதைவிட எளியது சூடு. 2002இல் வியன்னாவில் கால் மணி நேரம் கையைச் சூடாக்கிவிட்டு ஊசி போட்டபோது முதல் குத்தில் தவறியது 6 சதவீதம். சூடில்லாமல் போட்டவர்களிடம் 28 சதவீதம். நாமாக வெந்நீர்ப் பையை வைத்துத் தோலைச் சுட்டுவிடக் கூடாது. சிஸ்டரிடம் சொல்லி அவர்களே செய்ய வேண்டும்.

அம்மாவுக்கு ஐந்தாவது குத்து போட்டது நான் கண்ணாடியைப் பற்றிக் கேட்ட அதே மூத்த சிஸ்டர்தான். விளக்கைக்கூடப் பார்க்கவில்லை, வெந்நீரில் பிழிந்த துண்டைச் சுற்றிவைத்து, இடது முன்கையில் விரலால் தடவித் தடவி, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு போட்டார். இப்போதெல்லாம் இரத்தம் எடுக்க யார் வந்தாலும் அம்மா முதலிலேயே இடது கையை நீட்டி, “இங்கே, இங்கே” என்று தமிழிலேயே இடத்தைக் காட்டிவிடுகிறாள்.