காட்டோரம், கடலோரம் நாலு நாள்!

"லீவு வருதே, எங்கேயாவது போய்ட்டு வரலாமா?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், குழந்தைகள் குதிக்க ஆரம்பித்துவிடும். நம் மனசோ கணக்குப் போட ஆரம்பித்துவிடும். எத்தனை ஜோடித் துணி, சின்னவளுக்குப் பால், பெரியவனுக்கு ஜுர மருந்து, வழிக்குச் சாப்பாடு, மாமியாருக்கு மாத்திரை... கடைசியில் எல்லாரும் ஊர் சுற்றிவிட்டுச் சிரித்த முகமாகத் திரும்புவார்கள். வீட்டுக்காரி மட்டும் இடுப்பு வலியோடு வந்து அழுக்குத் துணி மூட்டையை அவிழ்ப்பாள். இதற்குப் பெயர் விடுமுறையா, நீங்களே சொல்லுங்கள்!

கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட், சன்னிவேல், சான் ஹோசே பக்கம் குடித்தனம் நடத்தும் நம் பெண்கள் ஏராளம். பிரசவம் பார்க்கவும், பேரனைக் கொஞ்சவும் அங்கே போய் ஆறு மாதம் தங்கும் அம்மாக்களும் ஏராளம். அவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே, சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, வானத்தைத் தொடும் ரெட்வுட் காடுகளும், திராட்சைத் தோட்டங்களும், பாறை மேல் அலை மோதும் கடற்கரையும் அடுத்தடுத்து இருக்கின்றன. நாலு நாள், மூன்று ராத்திரி போதும். ஆனால் அம்மாவுக்கும் ஓய்வு கிடைக்கிற மாதிரி திட்டம் போட வேண்டும்.

எந்த மாதம் நல்லது?

ஜூன் முதல் ஆகஸ்டு வரை பள்ளி விடுமுறைதான். ஆனால் அப்போது கடற்கரை முழுக்க மூடுபனி. ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. அதே நாளில் மலைக்கு உட்புறம் திராட்சைத் தோட்டத்தில் வெயில் 35 டிகிரியைத் தாண்டிக் கொளுத்தும்! செப்டம்பர், அக்டோபரில் திராட்சை அறுவடை, பார்க்க அழகு. ஆனால் காட்டுத்தீ பயமும் அப்போதுதான். 2017 அக்டோபரில் சாண்டா ரோசா நகரின் ஒரு பகுதியே எரிந்து போனது. குளிர்காலத்தில் மழை. நவாரோ ஆறு பெருகினால் சாலையையே மூடிவிடுவார்கள்.

என்னைக் கேட்டால் ஏப்ரல், மே மாதங்கள்தான் சரி. மலையெல்லாம் பச்சை, வழியெல்லாம் பூ. அதோடு, மெக்சிகோ பக்கம் போய்க் குட்டி போட்ட சாம்பல் நிறத் திமிங்கிலங்கள் குட்டியோடு வடக்கே திரும்புகிற காலம். கரையில் நின்றபடியே, அதிர்ஷ்டம் இருந்தால், அவை பீய்ச்சும் நீரைப் பார்க்கலாம்.

மைலை நம்பாதீர்கள்!

"அறுபது மைல்தானே, ஒரு மணி நேரத்தில் போயிடலாம்" என்பார் வீட்டுக்காரர். அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். குளோவர்டேலில் இருந்து கடற்கரைக்குப் போகும் 128ஆம் எண் சாலை சுமார் 57 மைல். ஆனால் நம் கொடைக்கானல் பாதை மாதிரி வளைந்து வளைந்து போகும். ஒன்றரை மணி நேரமாவது ஆகும். கடலை ஒட்டியே போகும் 1ஆம் எண் சாலை இன்னும் அழகு. வளைவும் இன்னும் அதிகம். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டார் அதை வேறொரு சமயத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள குழந்தைகளுக்குத்தான் வண்டியில் வயிற்றைப் புரட்டுவது அதிகம். வயிறு முட்டக் கொடுக்காமல் கொஞ்சமாகச் சாப்பிட வையுங்கள். போனையும் படப் புத்தகத்தையும் வாங்கி வைத்துவிட்டு, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

இன்னொரு முக்கிய விஷயம். குழந்தை அழுகிறது என்று ஓடுகிற வண்டியில் மடியில் எடுத்துப் பால் கொடுப்பது நமக்குப் பழக்கம். அங்கே அது சட்டப்படி குற்றம். அதைவிட, குழந்தையின் உயிருக்கே ஆபத்து. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை பின்பக்கம் பார்த்த கார் சீட்டில்தான் இருக்க வேண்டும். எட்டு வயது வரை பின் இருக்கையில், அதற்குரிய சீட்டில். பசித்தால் வண்டியை ஓரமாக நிறுத்திக் கொடுங்கள். அந்தப் பத்து நிமிஷத்தையும் சேர்த்துத்தான் பயணக் கணக்கே போட வேண்டும்.

முதல் நாள்: மியூர் காடு, பிறகு சோனோமா

கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினால் சிறிது தூரத்தில் மியூர் காடு. வண்டி நிறுத்த முன்கூட்டியே இடம் பதிவு செய்திருக்க வேண்டும். 2018 முதல் இதுதான் சட்டம். அங்கே செல்போன் எடுக்காது. அதனால் பதிவுச் சீட்டைப் புறப்படும் முன்பே போனில் சேமித்து வையுங்கள்.

இந்தக் காடு பிழைத்ததே ஒரு தம்பதியால்தான். வில்லியம் கென்ட், அவர் மனைவி எலிசபெத் இருவரும் 1905ல் 45,000 டாலர் கொடுத்து இந்த நிலத்தை வாங்கினார்கள். பிறகு ஒரு தண்ணீர் கம்பெனி அணை கட்ட இதைக் கேட்டபோது, காட்டையே அரசாங்கத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார்கள். 1908ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இதை தேசியச் சின்னமாக அறிவித்தார். எலிசபெத் அம்மையார் பிற்காலத்தில் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர்.

மரப்பலகை பாவிய பாதை. குழந்தையின் தள்ளுவண்டி சுலபமாகப் போகும். உலகிலேயே உயரமாக வளரும் மர இனம் இந்த ரெட்வுட்தான். ஆனால் அதன் காய் ஓர் அங்குலம்தான் இருக்கும்! தாய் மரம் விழுந்தாலும் அதன் அடியிலிருந்து கன்றுகள் வட்டமாகக் கிளம்பும். நாம் வாழையடி வாழை என்கிறோமே, அதே கதைதான். அந்த வட்டத்துக்குள் குழந்தைகளை நிற்க வைத்து அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் தொந்தரவே இருக்காது.

அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் சோனோமா. ஊர் நடுவே பெரிய சதுக்கம், நிழல், குழந்தைகள் விளையாட இடம். 1823ல் ஸ்பானியப் பாதிரியார்கள் நிறுவிய மாதா கோவில் பக்கத்திலேயே. ராத்திரி அங்கேயே தங்குங்கள். முதல் நாளே மொத்த தூரத்தையும் ஓட்ட வேண்டாம்.

இரண்டாம் நாள்: திராட்சைத் தோட்டங்கள்

சோனோமாவில் 1857லேயே ஒயின் ஆலை வைத்தவர் ஹங்கேரியிலிருந்து வந்த அகோஸ்டன் ஹராஸ்தி. வடக்கே 128ஆம் சாலையில் போனால் ஆண்டர்சன் பள்ளத்தாக்கு. கடலிலிருந்து ராத்திரியில் ஏறி வரும் மூடுபனி இந்தப் பள்ளத்தாக்கைக் குளிர வைக்கிறது. அதனால் திராட்சை நிதானமாகப் பழுத்து, புளிப்பு குறையாமல் இருக்கிறது. கோடையில் மழையே இல்லாத ஊரில் ரெட்வுட் மரங்களுக்குத் தண்ணீர் காட்டுவதும் இதே மூடுபனிதான்!

"நாங்க குடிக்கறதில்லையே, எங்களுக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்பீர்கள். கொடிகளின் அழகைப் பார்க்கக் குடிக்க வேண்டியதில்லை. ஃபைலோ ஊரில் உள்ள நவாரோ தோட்டத்தார் மது இல்லாத திராட்சைச் சாறும் தயாரிக்கிறார்கள். எல்லா இடத்திலும் குழந்தைகளை விட மாட்டார்கள், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் யாராவது ருசி பார்ப்பதானால், அவர் அன்று வண்டி ஓட்டக் கூடாது. வளைவுச் சாலையில் இதற்கு விதிவிலக்கே கிடையாது. யார் ஓட்டுவது என்று காலையிலேயே பேசி முடிவு செய்யுங்கள். கர்ப்பிணிகள் ஒரு வாய் கூடத் தொடக் கூடாது. பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் தவிர்ப்பதே நல்லது. ஒரு கோப்பை குடித்தால் கூட, அடுத்த இரண்டு மணி நேரத்துக்காவது பால் கொடுக்கக் கூடாது என்பது டாக்டர்கள் கணக்கு.

பக்கத்திலேயே ஹெண்டி காடு. மதியத் தயிர் சாதத்தை அங்கே பிரியுங்கள். மூன்று மூன்று இலையாக இருக்கும் 'பாய்சன் ஓக்' செடியை மட்டும் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோல் தடித்துக் கொப்புளம் போடும். அதற்குப் பிறகு சாலை ரெட்வுட் மரங்களுக்கு நடுவே குகை மாதிரி போய், சட்டென்று கடலில் திறக்கும். சாயங்காலம் மெண்டோசினோ.

மூன்றாம் நாள்: பெட்டியைத் திறக்காதீர்கள்!

மெண்டோசினோவில் இரண்டு ராத்திரி ஒரே அறையில் தங்குங்கள். இந்தத் திட்டத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. தினம் பெட்டி கட்டுவதுதான் அம்மாக்களின் பாதி உயிரை வாங்குகிறது.

பாறை மேட்டில் கட்டிய மர வீடுகள் நிறைந்த சின்ன ஊர் இது. 1850ல் சீனச் சரக்கு ஏற்றி வந்த ஃப்ராலிக் என்ற கப்பல் பக்கத்தில் உடைந்தது. சரக்கைத் தேடி வந்தவர்கள் கண்டது ரெட்வுட் காட்டை! மர ஆலை வந்தது, ஊரும் வந்தது. பத்து மைலில் ஃபோர்ட் பிராக். அங்கே 47 ஏக்கர் பூந்தோட்டம் இருக்கிறது. 1885ல் மரம் ஏற்றத் தொடங்கிய ரயில் பாதையில் குழந்தைகளோடு சிறு சவாரியும் போகலாம்.

கடற்கரையில் மட்டும் கவனம். மெரினாவில் காலை நனைப்பது போல இங்கே நினைக்காதீர்கள். தண்ணீர் வருஷம் முழுக்கச் சில்லென்றுதான் இருக்கும். அமைதியாகத் தெரியும் கடலில் திடீரென்று ஒரு பேரலை வந்து ஆளை இழுத்துவிடும். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுக்கவே கூடாது. குழந்தையின் கை உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

அன்று மத்தியானம் இரண்டு மணி நேரம் குழந்தைகளை அப்பாவிடம் விட்டுவிடுங்கள். தூங்குங்கள், இல்லை கடலைப் பார்த்துச் சும்மா உட்காருங்கள். இதையும் திட்டத்தில் நேரம் போட்டு எழுதி வையுங்கள், எழுதாவிட்டால் நடக்காது!

நாலாம் நாள் காலைப் பலகாரம் முடித்து, வந்த வழியே திரும்புங்கள். இருட்டுவதற்குள் வீடு சேரலாம்.

புறப்படும் முன்...

* தங்கும் இடங்களை மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யுங்கள். ஒரு வேளையாவது சமைக்க வசதி உள்ள அறை குழந்தைகளுக்கு உதவும்.

* முதல் இரண்டு வேளைக்கு மட்டும் புளியோதரை, சப்பாத்தி. மற்றது அங்கே வாங்கலாம். சமையலறையையே பெட்டியில் கட்டாதீர்கள்.

* கனமான ஒரு கோட்டுக்குப் பதில், வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகப் போடுகிற துணி. பெரியவர்களுக்கு மப்ளர், வழுக்காத செருப்பு.

* 128ஆம் சாலையில் பல இடங்களில் போன் எடுக்காது. வரைபடத்தை முன்பே சேமித்து, குளோவர்டேலில் பெட்ரோல் நிரப்புங்கள்.

* மருந்துப் பை அம்மா பொறுப்பு என்றால், துணிப் பெட்டி அப்பா பொறுப்பு. திரும்பி வந்ததும் துணி துவைக்கும் மெஷினை ஓட்டுவதும் அவரே!

கடைசி வரியை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அறை பதிவு செய்ய வேண்டும். பத்திரமாகப் போய் வாருங்கள்!