அடுப்புக்கு மேலே ஓர் அழகு: புகைக்கூட்டுக்கு மரச்சட்டம் போடும் முன்

திருக்கோவிலில் தொடங்கி அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று நீளும் நமது கரையோரத்தில், பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது பெற்றோரின் தலையாய கடமையாகக் கருதப்படுகிறது. மகள் பாடசாலைக்குப் போகும் காலத்திலேயே அத்திவாரம் போட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன வீடுகளுக்குப் பதிலாக எழுந்த வீடுகளும் ஏராளம்.

புதிய வீடுகளில் இப்போது குசினிக்கும் ஒரு மவுசு வந்துவிட்டது. சுவரெல்லாம் பென்ட்ரி அலுமாரி, நடுவில் கேஸ் அடுப்பு, அதற்கு மேலே ‘குக்கர் ஹூட்’ எனப்படும் புகைக்கூடு. அந்தத் தகரக் கூடு அலுமாரியின் அழகோடு ஒட்டாமல் நிற்பதால், அதைச் சுற்றி மரச்சட்டம் அடித்து மெருகேற்றிவிட வேண்டும் என்று ஆசை எழுகிறது. ஆசை நல்லதுதான். ஆனால் சகோதரிகளே, ஓடாவியாரைக் கூப்பிடும் முன் ஒரு கேள்வி: உங்கள் புகைக்கூடு புகையை உண்மையில் வெளியேற்றுகிறதா?

புகை சிறிய விஷயமா?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வீட்டுக்குள் எழும் சமையல் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 32 இலட்சம் பேர் உயிரிழந்திருக்கிறார்கள். அவர்களில் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். நிமோனியா, நாட்பட்ட சுவாச நோய், மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் என்று அந்தப் புகை பல வடிவில் ஆளைத் தாக்குகிறது. அடுப்படியில் அதிக நேரம் நிற்பவர் யார்? நாம்தான். நமது இடுப்பில் இருக்கும் குழந்தையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது.

கேஸ் அடுப்பில் விறகுப் புகை இல்லை என்பது உண்மை. ஆனால் நோன்பு காலத்தில் அசருக்குப் பிறகு சமோசாவும் கட்லட்டும் ரோல்ஸும் பொரிக்கும்போது எழும் எண்ணெய் ஆவியை நினைத்துப் பாருங்கள். அந்த ஆவியும், கேஸ் சுவாலையில் பிறக்கும் நைதரசன் ஈரொட்சைட்டும் மூச்சுக்குழாய்க்கு ஆகாதவை.

உள்ளே சுற்றுவதும் வெளியே போவதும்

கடையில் கிடைக்கும் புகைக்கூடுகள் இருவகை. ஒன்று, குழாய் வழியாகக் காற்றை வீட்டுக்கு வெளியே தள்ளுவது. மற்றது, கரி வடிகட்டியில் காற்றை அலசி மீண்டும் குசினிக்குள்ளேயே விடுவது. இரண்டாவது வகை மணத்தைக் குறைக்கும். நீராவியையும் சூட்டையும் காபனோரொட்சைட்டையும் அகற்றாது. அதன் கரி வடிகட்டியைச் சில மாதங்களுக்கொரு முறை மாற்றவும் வேண்டும். ஆகவே, முடிந்தவரை முதல் வகையையே தேர்ந்தெடுங்கள்.

வெளியே போகும் குழாய் வழவழப்பான உலோகக் குழாயாகவும், கூட்டின் வாய்க்கு ஏற்ற விட்டம் குறையாததாகவும், வளைவுகள் குறைந்ததாகவும் இருக்க வேண்டும். அது வெளிச்சுவரைக் கடந்து திறந்த வெளியில் முடிய வேண்டும். கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் விட்டுவிட்டால், எண்ணெய்ப் பிசுக்கு அங்கே படிந்து ஒருநாள் தீக்கு இரையாகும். கூடு இழுக்கும் காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வர ஒரு ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

சோதிப்பது சுலபம். கூட்டை இயக்கி, மெல்லிய கடதாசித் துண்டொன்றை வடிகட்டியில் வையுங்கள். அது ஒட்டி நின்றால் காற்று இழுபடுகிறது. விழுந்துவிட்டால், மரத்துக்குச் செலவழிக்கும் முன் அந்தக் குறையைத் தீருங்கள்.

மரம் எங்கே வரலாம்?

மரம் சுவாலை பட்டால்தான் எரியும் என்று நினைக்கிறோம். ஆனால் தொடர்ந்து சூடு படும் மரம் நாளடைவில் உள்ளுக்குள் கருகி, முன்பைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளக் கூடியதாகிவிடும். ஆகவே கூட்டின் கீழ் விளிம்பும், அடுப்பைப் பார்க்கும் உட்புறமும் உலோகமாகவே இருக்கட்டும். மரம் வெளிமுகத்தில் மட்டும் வரட்டும்.

கேஸ் அடுப்புக்கும் கூட்டுக்கும் இடையில் பொதுவாக 65 முதல் 75 சென்றிமீற்றர் இடைவெளி கேட்பார்கள். உங்கள் கூட்டோடு வந்த கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே முடிவு. மறைப்பு ஏதுமில்லாத மரம் அடுப்புக்கு மேல் குறைந்தது 30 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கட்டிட விதி. அதை நாமும் பின்பற்றினால் நட்டமில்லை. அளக்கும்போது கூட்டிலிருந்து அளக்காதீர்கள். மரச்சட்டத்தின் ஆகக் கீழான முனையிலிருந்து அளவுங்கள்.

இன்னொன்று: சட்டத்தைப் பசை போட்டு ஒட்டாமல் திருகாணியால் பூட்டச் சொல்லுங்கள். வடிகட்டியைக் கழற்றவும் மோட்டாரைப் பழுதுபார்க்கவும் வழி வேண்டுமல்லவா? மரத்துக்குள் மறைந்துபோன கூட்டை யாரும் சுத்தம் செய்ய மாட்டார்கள்.

எந்த மரம், எந்த ஆணி?

நன்றாக உலர்ந்த தேக்கு, மகோகனி, பலா ஆகியவை பொருந்தும். அழுத்திய மரத்தூள் பலகை மலிவானது; ஆனால் நீராவி பட்டால் ஊதிவிடும். கொத்து வேலைப்பாடுள்ள சட்டம் கண்ணுக்கு அழகுதான். அந்தப் பள்ளங்களில் எண்ணெயும் தூசியும் சேர்ந்தால் துடைத்து மாளாது. வழவழப்பான ஒற்றைப் பட்டியே போதும். ஈரத்துணியால் துடைக்கக் கூடியபடி முன்பக்கம், பின்பக்கம், வெட்டுமுனை எல்லாவற்றுக்கும் வார்னிஷ் பூசுங்கள்.

நமது ஊர்களில் உப்புக்காற்று ஓயாது. சாதாரண இரும்பு ஆணி துருப்பிடித்து மரத்தில் கறுப்புக் கறையை இறக்கிவிடும். பித்தளை அல்லது எவர்சில்வர் திருகாணியையே கேட்டு வாங்குங்கள்.

விறகடுப்புக்கு வேறு கணக்கு

2021 இறுதியில் கேஸ் வெடிப்புச் சம்பவங்கள் நாடெங்கும் அச்சத்தை ஏற்படுத்தின. 2022இல் கேஸுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அப்போது கைவிட்ட விறகடுப்பைத் தேடிப் போன வீடுகள் எத்தனை! 1980களில் நமது நாட்டில் உருவான ‘அனகி’ மண் அடுப்பு விறகை மிச்சப்படுத்தும். ஆனால் அதற்குப் புகைபோக்கி கிடையாது. மேலே ஒரு கூடு இருந்தால்தான் புகை வெளியேறும்.

இதற்கு மின்சாரக் கூட்டைப் பூட்டாதீர்கள். தீப்பொறியும் கரியும் எண்ணெய் படிந்த வடிகட்டியில் ஏறினால் ஆபத்து. தகரத்தாலோ செங்கல்லாலோ கட்டி, கூரைக்கு மேலே உயர்த்திய இயற்கைப் புகைக்கூடே ஏற்றது. கென்யாவின் மசாய் மக்களுடைய குடிசைகளிலும் நேபாள மலைவீடுகளிலும் இத்தகைய கூடுகளால் புகை பெருமளவு குறைந்திருக்கிறது. ஒற்றைத் தகரக் குழாய்க்கும் மரத்துக்கும் இடையில் 18 அங்குலம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதி. ஆகவே விறகடுப்புக் கூட்டுக்கு மர அலங்காரம் வேண்டவே வேண்டாம். அழகு வேண்டுமானால் ஓடு பதியுங்கள்.

மறக்கக் கூடாதவை

* கம்பிவலை வடிகட்டியை மாதம் ஒரு முறையாவது சுடுநீரிலும் சவர்க்காரத்திலும் ஊறவைத்துக் கழுவுங்கள். அதிகம் பொரிக்கும் நோன்பு காலத்தில் வாரம் ஒரு முறை.
* தாச்சியில் எண்ணெய் பற்றினால் கேஸையும் கூட்டையும் நிறுத்தி, மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்.
* கேஸ் மணம் வந்தால் கூட்டை இயக்காதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தங்கும். மேலே உள்ள கூடு அதை இழுக்காது, ஆனால் சுவிட்சின் பொறி அதைப் பற்றவைக்கலாம். கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள்.

மகளுக்கு வீடு கட்டும் வாப்பாமாரே, முன்வாசல் கதவின் வேலைப்பாட்டை வருகிறவர்கள் ஒருநாள் பார்த்துப் புகழ்வார்கள். குசினிக் காற்றை உங்கள் மகள் வாழ்நாளெல்லாம் சுவாசிப்பாள். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், முதலில் புகை வெளியேற வழி செய்யுங்கள். மரச்சட்டம் அடுத்த வருடமும் போடலாம்.