பாதரசத்தோடு மூழ்கிய யு-864

நார்வேயின் மேற்குக் கரையோரம் ஃபெட்யே என்றொரு சிறு தீவு. அதற்குச் சற்று மேற்கே கடலில் ஓரிடத்தில் மீன்பிடிக்கத் தடை. அந்தப் பக்கத்து மீனைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் சாப்பிட வேண்டாம் என்று அதிகாரிகள் எச்சரித்திருக்கிறார்கள். 150 மீட்டர் ஆழத்தில் இரண்டாக உடைந்து கிடக்கும் ஜெர்மன் நீர்மூழ்கி யு-864தான் காரணம்.

அது எதிரிக் கப்பல் ஒன்றைக்கூட மூழ்கடித்ததில்லை. 1944 டிசம்பரில் கீல் துறைமுகத்திலிருந்து ஜப்பானுக்குக் கிளம்பியது. உள்ளே ஜெட் விமான எஞ்சின் பாகங்கள். கூடவே 1,857 எஃகுக் குப்பிகளில் 67 டன் பாதரசம். வழியில் தரைதட்டியதால் பழுதுபார்க்க பெர்கனில் நின்றது. அங்கிருந்து புறப்பட்டதும் எஞ்சின் மக்கர் செய்தது. திரும்பி வர உத்தரவு.

ஜெர்மானியரின் சங்கேதச் செய்திகளைப் படித்துவிட்ட பிரிட்டன், வென்ச்சரர் என்ற தன் நீர்மூழ்கியை அங்கே அனுப்பியிருந்தது. அதன் கமாண்டர் ஜேம்ஸ் லாண்டர்ஸுக்கு வயது 25. 1945 பிப்ரவரி 9 காலை, தண்ணீருக்கடியில் ஒரு எஞ்சின் இரைச்சல் அவர்களுக்குக் கேட்டது. ஒலியலை அனுப்பித் தேடினால் தாங்கள் இருப்பது தெரிந்துவிடும். காதை மட்டும் நம்பிப் பின்தொடர்ந்தார்கள். எதிரி வளைந்து வளைந்து போனான். மேலே வருவான் என்று காத்திருந்தார் லாண்டர்ஸ். வரவில்லை. இங்கே பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது.

மேலே மிதக்கும் கப்பலென்றால் திசை, தூரம், வேகம் போதும். இங்கே ஆழத்தையும் கணிக்க வேண்டும். அடுத்த வளைவு எங்கே என்பதையும்தான். அந்தக் கணக்கைப் போட்டு முடித்த இளைஞனின் நிதானம் இன்றும் என்னை வியக்க வைக்கிறது. 17.5 விநாடி இடைவெளியில் நான்கு டார்பிடோக்கள், வெவ்வேறு ஆழங்களில். மூன்றிலிருந்து தப்பிய யு-864, நான்காவதன் பாதையில் போய் விழுந்தது. 73 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. இரண்டு நீர்மூழ்கிகளும் நீருக்கடியில் இருக்க, ஒன்று மற்றொன்றைத் திட்டமிட்டு மூழ்கடித்ததாக உலகம் அறிந்த போர் நிகழ்ச்சி இது ஒன்றுதான்.

2003-ல் நார்வே கடற்படை சிதைவைக் கண்டுபிடித்தது. குப்பிகள் துருப்பிடித்துப் பாதரசம் சேற்றில் கசிந்திருந்தது. வெளியே எடுப்பதா, மேலே மணலும் கல்லும் கொட்டி மூடுவதா என்று பல ஆண்டுகள் வாதம் நடந்தது. எடுங்கள் என்பதே தீவு மக்களின் கோரிக்கை. மீனை நம்பி வாழும் அவர்கள் பக்கம்தான் என் மனம் நிற்கிறது. ஆனால் தோண்டினால் சேறு கலங்கி விஷம் பரவலாம். வெடிக்காத டார்பிடோக்களும் உள்ளே இருக்கலாம். அந்த 73 பேருக்கும் அதுவே கல்லறை.