உங்களுக்குத் தெரியுமா? – கட்டத்திலிருந்து களரிக்கு

◆ மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி, ஆளுக்கொரு வீரனாகக் கதையை நகர்த்தும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டு 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. 1982-ல் இங்கிலாந்தின் பெக்ஃபோர்டன் கோட்டையில் ஒரு கூட்டம் மேசையை விட்டே எழுந்துவிட்டது. வாளும் அங்கியுமாக அவர்களே கதைக்குள் இறங்கிக் கோட்டையெங்கும் நடந்தார்கள். ‘லார்ப்’ என்று இன்று பல நாடுகளில் ஆடப்படும் வேஷ விளையாட்டின் தொடக்கக் கட்டங்களில் அதுவும் ஒன்று. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமத்துப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் பெரிதாக வியக்க மாட்டார்கள். திரௌபதியம்மன் திருவிழா நடக்கும் ஊர்களில், ஊரே பாரதக் கதைக்குள் இறங்குவது தலைமுறை தலைமுறையாக நடப்பதுதான். அவர்களுக்கு அது விளையாட்டு அல்ல, வழிபாடு. ஆனால் வேஷத்துக்குள் புகுந்து ஒரு கதையை உடம்பால் வாழ்ந்து பார்க்கும் ஈர்ப்பு இரண்டுக்கும் பொது.

◆ கட்டம் போட்டு ஆடுவதற்கும் இங்கே பஞ்சமில்லை. ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள். பல்லாங்குழிக்கு 14 குழிகள். தாயக்கட்டைகள் இரண்டையும் உருட்டி இரண்டிலும் வெற்றுமுகம் விழுந்தால் பன்னிரண்டு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம். திண்ணையில் இரண்டு பேர் இருந்தால் போதும், ஆட்டம் தொடங்கிவிடும். தோற்றவர் காயை மறுபடி அடுக்கலாம். இந்த ‘மறுபடி’தான் கட்ட விளையாட்டின் பெரிய சுகம் என்று நினைக்கிறேன்.

◆ மகாபாரதமே ஒரு கட்ட விளையாட்டில்தான் கவிழ்கிறது. உருட்டியது பகடை, இழந்தது நாடு, தம்பியர், கடைசியில் மனைவி. அந்த ஆட்டத்தில் காயை எடுத்து மறுபடி அடுக்க வழியில்லை. பாரதி ‘பாஞ்சாலி சபத’த்தை எழுதியது புதுச்சேரியில், முதல் பாகம் வெளிவந்த ஆண்டு 1912. நகரத்தில் அவர் அதை எழுதிய காலத்திலும் சுற்றுவட்டாரக் கிராமங்களில் அதே சபைக் காட்சி விடிய விடியக் கூத்தாக ஆடப்பட்டுத்தான் வந்தது.

◆ பாரதத் திருவிழாவுக்குக் களம் ஒன்றல்ல. பகலில் கோயில் வாசலில் பாரதப் பிரசங்கம். பெரும்பாலும் வில்லிபாரதத்தை ஒட்டியே சொல்வார்கள். இரவில் களரி எனும் ஆடுகளத்தில் கூத்து. இவை இரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒன்று உண்டு: மேடையை விட்டு இறங்கி ஊருக்குள் வரும் கதை. என்னைப் பொறுத்தவரை இதுதான் உச்சம்.

பகாசுரனுக்குச் சோறு கொண்டுபோகும் பீமன் நிஜ வண்டியில் ஏறி நிஜத் தெருக்களில் வருகிறான். வண்டியில் இருப்பது ஊர் வீடுகளின் சோறும் பழமும் பலகாரமும். பின்னால் ஓடும் பிள்ளைகளை யாரும் பார்வையாளர் என்று சொல்ல முடியாது. அவர்கள் அந்த நேரத்துக்கு ஏகசக்கர நகரத்துப் பிள்ளைகள். விராட பருவத்து மாடுபிடி சண்டைக்குச் சில ஊர்களில் உண்மையான மாடுகளையே ஓட்டி வருவார்கள். விராட பருவம் படித்தால் மழை வரும் என்பது நம்பிக்கை. பாகூர் ஏரியை நம்பி நெல் விளைவிக்கும் ஊர்களுக்கு அந்த நம்பிக்கை எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

அருச்சுனன் தபசில் உயரமான கம்பம் நட்டு, பாட்டுப் பாடியபடியே வேஷக்காரர் படிப்படியாக ஏறுகிறார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் வில்வமும் வீசுகிறார். கீழே குழந்தை வரம் கேட்டு முந்தானை ஏந்தி நிற்கும் பெண்களுக்கு மேலே இருப்பவர் நேற்றுவரை பக்கத்து ஊர் விவசாயி என்பது தெரியும். தெரிந்தேதான் ஏந்துகிறார்கள்.

பதினெட்டாம் போரின் படுகளத்துக்குத் தரையில் மண்ணாலேயே பிரம்மாண்டமான துரியோதனன் படுத்திருப்பான். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றி ஓடுவார்கள், ஏறி மிதிப்பார்கள், கதாயுதம் சுழற்றுவார்கள். தொடை பிளந்ததும் அங்கே வைத்திருக்கும் செங்குழம்பை எடுத்துத் திரௌபதியின் விரிந்த கூந்தலில் தடவி முடிப்பார்கள். ஒப்பாரி எழும். சபதம் முடிந்த பிறகு, காப்புக் கட்டி விரதமிருந்தவர்கள் மாலையில் தீ மிதிக்கிறார்கள். கதையில் தொடங்கிய நெருப்பு ஊர்க்காரர் காலடிக்கு வந்துவிடுகிறது. எந்தப் பலகையிலும் இதற்கு இடம் கிடையாது.

◆ துகிலுரியும் இரவில் கூத்து நடுவில் நிற்கும். கற்பூரம் ஏற்றித் தீபாராதனை காட்டுவார்கள். சேலையைத் தொடும் முன் துச்சாதன வேஷக்காரர் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார். வேஷத்துக்கும் ஆளுக்கும் நடுவே எல்லை எங்கே என்று வெளிநாட்டு லார்ப் குழுக்கள் விதிமுறை எழுதிப் பேசுகிற விஷயம் இது. நம் கூத்து வாத்தியார்கள் ஒரு கற்பூரத்தில் அதைத் தீர்த்து வைத்திருக்கிறார்கள்.

◆ மேசை விளையாட்டில் கதையை நடத்திச் செல்ல ஒருவர் இருப்பார். மற்றவர் கேள்விக்கெல்லாம் அவரே பதில். கூத்தில் அந்த இடம் கட்டியங்காரனுக்கு. அரசன் வருகையை அறிவிப்பான், அவனையே கேள்வி கேட்பான், அத்தினாபுரத்துக்கு நடுவில் உள்ளூர் ரோட்டுப் பள்ளத்தையும் இழுப்பான். கதையை இன்றைக்குக் கொண்டுவருபவன் அவன்தான்.

◆ முக்கிய வேஷங்களின் கிரீடம், புஜக்கட்டை, மார்புப்பதக்கம் எல்லாம் மரம். கனமற்றது என்பதால் கல்யாண முருங்கையைச் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதிப்பார்கள். அதைக் கட்டிக்கொண்டுதான் இரவு முழுக்கச் சுழன்று கிறுக்கி அடிக்க வேண்டும். முகவீணைக்காரர் மூச்சும் விடியும்வரை தாங்க வேண்டும்.

◆ பாரதக் கூத்தில் பெண் வேஷமும் வெகுகாலம் ஆண்களுக்கே. காஞ்சிபுரம் பக்கத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் நடத்திய குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் கற்றுக் களரி ஏறினார்கள். இது முன்பே நடந்திருக்க வேண்டிய மாற்றம்.

◆ புதுச்சேரியின் பிள்ளையார்குப்பத்தில் கூத்தாண்டவர் திருவிழா நடக்கிறது. கூத்தாண்டவராக வணங்கப்படும், பாரதப் போரில் களபலியாகும் அரவானுக்காகத் திருநங்கைகள் தாலி கட்டிக்கொண்டு, பின்பு அறுத்து அழுகிறார்கள். இதே திருவிழாவுக்குப் பேர்போன கூவாகம் அளவுக்கு இந்த ஊரின் பெயர் வெளியில் பரவவில்லை. கதைக்குள் தங்கள் வாழ்வையே கொண்டுவந்து வைக்கும் அவர்களை வேடிக்கைப் பொருளாக்கிப் படம் பிடிப்பது மகா தவறு.

 

◆ பெட்டியில் வைத்துக் கொண்டுபோக முடியாத இந்தக் கலை கடல் தாண்டியிருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களோடு ரெயூனியன் தீவுக்குத் தீமிதியும் கூத்தும் போயின. அங்கே கூத்துக்குப் பெயர் ‘பால் தமூல்’. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் 1840 முதல் தீமிதி நடக்கிறது. இலங்கையின் அம்பாறை மாவட்டத்துப் பாண்டிருப்பில் ஊர்க்காரர்களே பாண்டவரும் திரௌபதியுமாக வனவாசம் புறப்பட்டுத் தெருவில் நடக்கிறார்கள்.

◆ ‘கர்ண மோட்சம்’ கூத்து சாவு வீட்டுக் கருமாதியிலும் ஆடப்படுகிறது. இறந்தவருக்கு நற்கதி கிடைக்கும் என்று குடும்பமே கூத்து ஜமாவை அழைத்து ஆடச் சொல்லும். கர்ணன் சாகும்போது அழுவது யாருக்காக என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

◆ இன்று பல ஊர்களில் நாட்கணக்கான பாரதம் சில இரவுகளாகச் சுருங்கிவிட்டது. செலவு ஒரு காரணம், வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு விடுப்பு இல்லாதது இன்னொன்று. தாயம் ஆட இரண்டு பேர் போதும். வண்டி ஓட்ட, கம்பம் நட, மண் குழைக்க, சோறு பொங்க ஒரு தெருவே வேண்டும். திருவிழாக் காலத்தில் இந்தப் பக்கம் வந்தால் இரவுக் கூத்தோடு திரும்பிவிடாதீர்கள். படுகளம் பெரும்பாலும் பகலில்தான். முந்தின நாளே கோயில் தர்மகர்த்தாவிடம் நேரம் கேட்டுக்கொண்டு, மண் உருவம் போடும்போதே போய்ச் சேருங்கள். கை கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.