வாடகை வருமானமும் வரிப் பொறுப்பும்: மேட்டுப்பாளையத்துச் சிறு கட்டட உரிமையாளர்கள் அறிய வேண்டியவை

புதுச்சேரியின் உழவர்கரை நகராட்சிக்கு உட்பட்ட மேட்டுப்பாளையம், பிப்டிக் தொழிற்பேட்டையும் கனரக வாகன முனையமும் அமைந்த பகுதியாகும். இத்தகைய தொழிற்பகுதியில் தொழிலாளர் குடும்பங்களுக்கு லைன் வீடுகளை விடுவோரும், நிறுவனங்களுக்குக் கிடங்கையோ ஷெட்டையோ வாடகைக்குக் கொடுப்போரும், வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டு ஊரில் உள்ள வீட்டின் வாடகையைப் பெறுவோரும் வரிச் சட்டத்தின் பார்வையில் ஒரே நிலையில் இல்லை. வாய்மொழி ஏற்பாட்டையே நம்பிப் பழகியவர்கள், சட்டம் தரும் கழிவுகளையும் தீர்வுகளையும் ஆதாரமின்மையால் இழக்கிறார்கள் என்பதே இங்கு முதன்மையாகக் கவனிக்க வேண்டிய செய்தி.

ஒப்பந்தமும் வாடகைச் சட்டமும்

தமிழ்நாட்டில் 2017 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்க, புதுச்சேரியில் 1969 ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் தனியாக உள்ளது. எனவே, எல்லையைத் தாண்டியுள்ள விழுப்புரம் மாவட்டத்தில் புழங்கும் ஒப்பந்தப் படிவத்தை அப்படியே எடுத்துப் புதுச்சேரியில் பயன்படுத்துவது பொருத்தமன்று.

ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும். பதிவாகாத ஆவணத்தில் கண்ட நிபந்தனைகளை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது கடினம் என்பதால்தான் பலர் பதினொரு மாத ஒப்பந்தத்தை நாடுகின்றனர். தொழிற்பகுதியில் இதனினும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. எழுத்து ஒப்பந்தம் வேறு விதமாகக் கூறாத நிலையில், குடியிருப்புக்கான குத்தகையை முடிக்கப் பதினைந்து நாள் அறிவிப்பு போதும் என்று சொத்து மாற்றுச் சட்டம் கூறினாலும், பொருள் உற்பத்திக்காக விடப்பட்ட கட்டடத்தின் குத்தகையை அது ஆண்டுக் குத்தகையாகக் கருதி, ஆறு மாத அறிவிப்பைக் கட்டாயமாக்குகிறது. ஷெட் உரிமையாளர்கள் அறிவிப்புக் காலத்தை எழுத்தில் வரையறுக்க வேண்டியதன் காரணம் இதுவே. தொழிற்பேட்டை மனையை ஒதுக்கீடாகப் பெற்றவர்கள், அதை மற்றவருக்கு உள்வாடகைக்கு விடும் முன் ஒதுக்கீட்டு நிபந்தனைகள் அதற்கு இடம் தருகின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரி கணக்கிடப்படும் முறை

1963 ஏப்ரல் 1 முதல் புதுச்சேரிக்கு விரிவாக்கப்பட்ட இந்திய வருமான வரிச் சட்டத்தில், வாடகை வருவாய் 'வீட்டுச் சொத்து வருமானம்' என்ற தலைப்பில் கணக்கிடப்படுகிறது. 1961 ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மாற்றாக 2025 ஆம் ஆண்டின் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தாலும், இக்கணக்கின் அடிப்படை மாறவில்லை. ஆண்டு வாடகையிலிருந்து, உரிமையாளர் அந்த ஆண்டில் உண்மையாகவே செலுத்திய நகராட்சி வரி முதலில் கழிக்கப்படும். எஞ்சிய தொகையில் 30 சதவீதம் பராமரிப்புக்கான நிலையான கழிவாக, செலவு எவ்வளவாயினும், அனுமதிக்கப்படும். அதன்பின் அந்தக் கட்டடத்துக்காக வாங்கிய கடனின் வட்டி கழிக்கப்படும். வெள்ளையடிப்பு, பழுதுபார்ப்பு, தரகு ஆகியவற்றுக்குத் தனிக் கழிவு கிடையாது.

எடுத்துக்காட்டாக, மாத வாடகை ரூ.15,000 எனில் ஆண்டுக்கு ரூ.1,80,000 ஆகும். நகராட்சி வரியாக ரூ.5,000 செலுத்தியிருந்தால் எஞ்சுவது ரூ.1,75,000, அதில் 30 சதவீதமான ரூ.52,500-ஐயும் கடன் வட்டியான ரூ.40,000-ஐயும் கழித்தால், வரிக்கு உட்படும் வருமானம் ரூ.82,500 மட்டுமே. நகராட்சி வரியைச் செலுத்தாமல் நிலுவையில் வைத்தவருக்கு அந்த ஆண்டில் அக்கழிவு கிடைக்காது.

வரி செலுத்துபவர் தேர்ந்தெடுக்கக்கூடிய இரு வரிமுறைகளுள், வட்டி மிகுதியால் ஏற்படும் இழப்பைப் பழைய வரிமுறையில் ஆண்டுக்கு ரூ.2,00,000 வரை சம்பளம் முதலான பிற வருமானத்துடன் ஈடுசெய்யலாம். புதிய வரிமுறையில் அவ்வாறு ஈடுசெய்ய இயலாது. இயந்திரங்களோடு பிரிக்க முடியாதபடி சேர்த்து விடப்பட்ட ஷெட்டின் வாடகை, வீட்டுச் சொத்து வருமானமாக அல்லாமல் வேறு தலைப்பில் வரிக்கு உட்படுவதால், கட்டட வாடகையையும் இயந்திர வாடகையையும் தனித்தனியே பிரித்து எழுதுவதன் விளைவை ஒப்பந்தத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டறிவது நலம்.

வாடகைதாரர் பிடித்தம் செய்யும் வரி

வாடகை செலுத்துபவரே ஒரு பகுதியைப் பிடித்து அரசுக்குச் செலுத்துவது டிடிஎஸ் எனப்படும். வாடகைதாரர் நிறுவனமாக இருந்து, மாத வாடகை ரூ.50,000-ஐத் தாண்டினால் கட்டட வாடகையில் 10 சதவீதம் பிடிக்கப்படும். கணக்குத் தணிக்கைக்கு உட்படாத தனிநபர் அதே வரம்புக்கு மேல் வாடகை செலுத்தினால், 2024 அக்டோபர் 1 முதல் 2 சதவீதம் பிடிக்க வேண்டும். பிடித்த தொகை உரிமையாளரின் பான் எண்ணில் வரவு வைக்கப்பட்டுள்ளதா என்பதை வருமான வரித் துறையின் தளத்தில் சரிபார்த்து, இல்லையெனில் வாடகைதாரரிடம் எழுத்து மூலம் கேட்பது உரிமையாளரின் உரிமை.

ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, ஆண்டு வருவாய் ரூ.20 லட்சத்தைத் தாண்டாத சிறு உரிமையாளர் பதிவு செய்ய வேண்டியதில்லை. எனினும், பதிவு பெறாத உரிமையாளரிடமிருந்து வணிகக் கட்டடத்தை எடுக்கும், பதிவு பெற்ற வாடகைதாரர் 2024 அக்டோபர் 10 முதல் தாமே வரி செலுத்தும் கடமை உடையவர் என்பதால், அத்தொகையை வாடகையிலிருந்து கழித்துக்கொள்ளக் கூடாது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக்க வேண்டும்.

வெளிநாட்டில் வாழும் உரிமையாளர்

புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைக்க 1956-இல் கையெழுத்தாகி 1962-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கைக்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர்ந்த புதுச்சேரித் தமிழர் பலருக்கு இந்த விதிகள் நேரடிப் பொருள் உடையவை. வரிச் சட்டம் கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை; வாழும் நாட்களையே பார்க்கிறது. ஆண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் தங்கும் பிரெஞ்சுக் குடிமகன் இங்கு 'வசிப்பவர்'. பாரிசில் வாழும் இந்தியக் குடிமகன் 'வசிக்காதவர்' ஆகக்கூடும். வசிக்காதவருக்கு வாடகை செலுத்துவோர், தொகை சிறிதாயினும், கூடுதல் தீர்வையுடன் 31.2 சதவீத அளவில் பிடித்தம் செய்ய நேரிடும். தவறினால் வாடகைதாரரே பொறுப்பாவார். குறைந்த வருமானம் உடையவருக்கு, குறைவான விகிதத்தில் பிடிக்கும்படி வருமான வரி அதிகாரியிடம் சான்றிதழ் பெறவும், மிகுதியாகப் பிடிபட்டதை அறிக்கை தாக்கல் செய்து திரும்பப் பெறவும் உரிமை உண்டு. இந்திய-பிரெஞ்சு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம், அசையாச் சொத்தின் வருமானத்துக்கு அச்சொத்து அமைந்த நாடு வரி விதிக்க இடமளிக்கிறது.

ஆபத்துகளும் தீர்வுகளும்

வாடகை ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும்போது, சம்பளத்தில் வீட்டு வாடகைப்படிக் கழிவு கோரும் ஊழியர் உரிமையாளரின் பான் எண்ணைத் தருவதால், மறைக்கப்பட்ட வாடகை வெளிப்படுவது எளிது. குறைத்துக் காட்டிய வருமானத்துக்கான வரியில் 50 சதவீதமும், பொய்யாகக் காட்டியதற்கு 200 சதவீதமும் அபராதமாக விதிக்கப்படலாம். விடுபட்ட வருமானத்தைக் கூடுதல் வரியுடன் தாமே தெரிவிக்க, புதுப்பித்த அறிக்கை தாக்கல் செய்யும் காலம் 2025 முதல் 48 மாதங்களாக நீட்டிக்கப்பட்டுள்ளது. முன்பணமாயினும் வாடகையாயினும் ஒருவரிடம் ஒரே நாளில் ரூ.2,00,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவது விதிமீறலாகி, பெற்ற தொகைக்கு நிகரான அபராதத்துக்கு வழிவகுக்கும்.

வாடகை தராதவரின் மின் இணைப்பைத் துண்டிப்பதும், பூட்டு மாட்டுவதும் சட்டத்துக்கு ஒவ்வாதவை. வேண்டுமென்றே வாடகை தராமை, உரிமையாளரின் சொந்தத் தேவை முதலிய காரணங்களை வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் நிலைநாட்டியே வெளியேற்ற வேண்டும். வசூலாகாத வாடகையை, விதித்த நிபந்தனைகள் நிறைவேறினால், வருமானத்திலிருந்து விலக்கலாம். பின்னர் வசூலானால் அவ்வாண்டில் கணக்கில் சேர்க்க வேண்டும். இவை அனைத்துக்கும் அடிப்படையான ஒப்பந்தம், வாடகை ரசீது, வங்கிக் கணக்கு, நகராட்சி வரி ரசீது, வட்டிச் சான்று ஆகிய ஐந்தையும் ஆண்டு வாரியாகத் தொகுத்துப் பாதுகாப்பது ஒவ்வொரு சிறு உரிமையாளரும் இந்த நிதியாண்டிலேயே தொடங்க வேண்டிய கடமையாகும்.