பால் மறக்கடிக்காமலே பள்ளிக்குத் திரும்பலாம்

விடுப்பு முடியப்போகிறது என்றதும் கைக்குழந்தை வைத்திருக்கும் ஆசிரியையிடம் பலரும் சொல்வது, "இப்பவே பாலை மறக்கடிச்சிடும்மா, இல்லேன்னா நீயும் கஷ்டப்படுவே, பிள்ளையும் ஏங்கிடும்" என்பதுதான். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அதற்கு அவசியமில்லை. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு சேர்த்து 2 வயதுவரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அம்மா பாடம் நடத்தப் போகிறாள் என்பதற்காக இது மாற வேண்டியதில்லை. மாற வேண்டியது பள்ளியின் கால அட்டவணை, அதுவும் சில மாதங்களுக்கு மட்டும்.

காரணம் எளியது. மார்பிலிருந்து பால் வெளியேற வெளியேறத்தான் அடுத்த பால் ஊறும். குழந்தை சப்பும்போதோ கையால் பீய்ச்சும்போதோ புரோலாக்டின், ஆக்ஸிடோசின் என்ற இரண்டு ஹார்மோன்கள் வேலை செய்கின்றன. முன்னது பாலை ஊறவைக்கிறது, பின்னது ஊறிய பாலை வெளியே தள்ளுகிறது. மார்பு நிறைந்தபடியே பல மணி நேரம் கிடந்தால், இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறது என்று உடல் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். "வேலைக்குப் போனதும் பால் வத்திடுச்சு" என்று சொல்கிற பலருக்கும் நடந்தது இதுதான். காலை எட்டரைக்குக் கிளம்பி மாலை ஐந்துக்குத் திரும்பும்வரை பால் எடுக்கப்படவே இல்லை. அலைச்சலின் மேல் பழி விழுந்துவிட்டது.

எந்த மாதத்தில் திரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சுமை கூடும், குறையும். தமிழக அரசுப் பள்ளி ஆசிரியைகளுக்கு 2021 ஜூலை 1 முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். அவர்கள் திரும்பும்போது குழந்தை இட்லியும் பருப்புச் சோறும் சாப்பிடத் தொடங்கியிருக்கும். பகலில் ஒரு முறை பால் எடுத்தாலே பலருக்குப் போதும், சிலருக்கு அதுவும் தேவைப்படாது. காலையிலும் மாலையிலும் இரவிலும் நேரடியாகக் கொடுத்துக்கொள்ளலாம்.

தனியார் பள்ளி ஆசிரியைகளின் நிலைமைதான் மனதை வருத்துகிறது. இரண்டு மூன்று மாதக் குழந்தையை விட்டுவிட்டு வகுப்பறைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பைக் கொண்டுவந்தது. பணிக்குத் திரும்பிய தாய்க்கு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளும் சட்டத்தில் உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் தனியார் பள்ளிகள் இதற்குள் வருமா என்ற குழப்பம் நெடுநாள் இருந்தது. கேரளம் 2020இல் தனிப்பட்ட அறிவிக்கை வெளியிட்டுத் தன் மாநிலத்துத் தனியார் கல்வி நிறுவனங்களை உள்ளே கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் இன்னொரு கதவும் உண்டு. இங்கே தனியார் கல்வி நிறுவனங்கள் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டின் வரம்புக்குள் வருகின்றன. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, இ.எஸ்.ஐ. பிடித்தமும் முறையாக நடந்திருந்தால், 26 வார மகப்பேறுப் பணப்பலனை இ.எஸ்.ஐ. கழகமே தரும். கருவுற்றதும் சம்பளச் சீட்டை எடுத்து இந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு பார்ப்பது தாமதம்.

இனி அட்டவணை. இரண்டரை மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால் எடுப்பது நல்லது. அப்படியென்றால் பள்ளி நேரத்துக்குள் முற்பகலில் ஒன்று, மதிய உணவு வேளையில் ஒன்று, முடிந்தால் பிற்பகலில் ஒன்று. கிளம்பும் முன்னும் வந்தவுடனும் நேரடியாகப் பாலூட்டல். பத்து நிமிட இடைவேளையில் கழிப்பறைக்கும் போய், பாலும் எடுத்து, அடுத்த வகுப்புக்கு ஓடுவது நடக்காத காரியம். அதனால் ஓய்வுப் பாடவேளை எங்கே விழுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பணியில் சேரும் அன்று தலைமையாசிரியர் அறையில் நின்று தயங்குவதைவிட, இரண்டு வாரம் முன்பே போய்ப் பேசிவிடுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். "சார், குழந்தைக்குப் பால் எடுத்து வைக்கணும். காலையில மூணாவது பீரியடும் மத்தியானம் ஆறாவது பீரியடும் எனக்கு ஃப்ரீயா வர்ற மாதிரி டைம் டேபிள் போட்டுக் கொடுத்தீங்கன்னா வகுப்பு எதுவும் பாதிக்காது. சப்ஸ்டிட்யூஷன்ல மட்டும் அந்த ரெண்டுல என்னைப் போடாம இருந்தா போதும்." இவ்வளவுதான். கடைசி வாக்கியம் முக்கியம். யாராவது லீவு போட்டால் முதலில் பறிபோவது ஓய்வுப் பாடவேளைதான்.

இடமும் கேளுங்கள். உள்பக்கம் தாழ்ப்பாள், உட்கார ஒரு நாற்காலி, கை கழுவத் தண்ணீர் இவை போதும். நூலக அறை, ஆய்வகத்தின் பொருள் வைக்கும் அறை, விளையாட்டுச் சாமான் அறை எதுவானாலும் சரி. கழிப்பறையை மட்டும் ஏற்காதீர்கள், அங்கே எடுப்பது குழந்தையின் உணவு. தமிழகப் பேருந்து நிலையங்களில் 2015 முதலே தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. ஒரு பேருந்து நிலையத்தில் முடிந்தது ஒரு பள்ளியில் முடியாதா?

ஈராசிரியர் பள்ளிகளில் ஓய்வுப் பாடவேளை என்ற பேச்சே கிடையாது. அங்கே இடைவேளையைக் கொஞ்சம் நீட்டி, உடன் பணியாற்றும் ஆசிரியர் இரண்டு வகுப்பையும் பதினைந்து நிமிடம் சேர்த்துப் பார்த்துக்கொள்வதுதான் வழி. வீடு பக்கமாக இருந்தால் மதியம் பாட்டியோ அத்தையோ குழந்தையைத் தூக்கிவந்துவிடலாம். எந்த ஏற்பாட்டையும்விட இது மேலானது.

பால் எடுக்க பம்ப் கட்டாயமில்லை. கையே போதும், கற்றுக்கொள்ளச் சில நாள் பிடிக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மார்பை மென்மையாக நீவிவிட வேண்டும். கருவட்டத்தின் ஓரத்துக்குச் சற்று வெளியே மேலே கட்டைவிரல், கீழே ஆள்காட்டி விரல். முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு இரு விரலையும் சேர்த்து அமுக்கி, விட வேண்டும். தோலைத் தேய்க்கவோ காம்பை இழுக்கவோ கூடாது. முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், ஓரிரு நிமிடத்தில் பீய்ச்சி அடிக்கும். குழந்தையின் போட்டோவைப் பார்த்தால் பால் இறங்குவது சுலபமாகும் என்று பல தாய்மார்கள் சொல்வது உண்மைதான், ஆக்ஸிடோசின் மனநிலைக்கும் கட்டுப்பட்டது.

எவ்வளவு எடுக்க வேண்டும்? முதல் மாதம் முடிந்து ஆறு மாதம்வரை குழந்தை ஒரு நாளைக்குச் சுமார் 750 முதல் 800 மில்லி குடிக்கும். பிரிந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 மில்லி என்று கணக்கு வைத்தால் போதும். எட்டரை மணி நேரத்துக்கு 250 மில்லியை ஒட்டி வரும். டப்பா டப்பாவாகச் சேமித்துக் குவிக்க வேண்டியதில்லை. நாளைக்கு வேண்டிய பாலை இன்று எடுக்கிறீர்கள், அவ்வளவே.

வைத்துக்கொள்ளும் கணக்கில் நம் ஊர் வெயிலை மறக்கக் கூடாது. அறை வெப்பத்தில் 4 மணி நேரம் என்று புத்தகங்கள் சொல்வது 25 டிகிரிவரை உள்ள அறைக்கு. ஜூன் மாதத்து ஆசிரியர் அறை அப்படி இருக்காது. எனவே எடுத்ததும் பள்ளிக் குளிர்சாதனப் பெட்டியிலோ, ஐஸ் பேக் வைத்த பையிலோ வைத்துவிடுங்கள். ஐஸ் பேக் உறைந்தபடி இருந்தால் அந்தப் பையில் 24 மணி நேரம் தாங்கும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உள்பகுதியில் 4 நாள். கதவில் வைக்காதீர்கள், அங்கே குளிர் நிலையாக இருக்காது. மேலே ஆடைபோல் கொழுப்பு திரண்டு நிற்பது இயல்பு, கெட்டுப்போகவில்லை. மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். பாலை அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரத்தோடு வைத்தால் போதும். குழந்தை குடித்து மீந்ததை 2 மணி நேரத்துக்குப் பிறகு வைத்திருக்க வேண்டாம். பத்திரப்படுத்த வழியே இல்லாத பள்ளியானாலும் பாலை எடுத்துக் கொட்டிவிடுங்கள். மனம் கசக்கும், ஆனால் நாளைய பால் நிற்காமல் ஊற அது தேவை.

வீட்டில் யார் கொடுப்பது, எதில் கொடுப்பது? நம்மிடம் பாலாடை இருக்கிறது. புட்டிக் காம்புக்குப் பழகிய சில குழந்தைகள் மார்பைப் பிடிக்க மறுக்கும். பாலாடையில் அந்தத் தொல்லை இல்லை, கொதிக்கவைத்துக் கழுவவும் எளிது. குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்து, பாலாடை நுனியைக் கீழுதட்டில் தொட வேண்டும். குழந்தை தானாக உறிஞ்ச வேண்டும், வாயில் ஊற்றக் கூடாது. பத்துப் பதினைந்து நாள் முன்பே, நீங்கள் அந்த அறையில் இல்லாத நேரத்தில், மற்றவர் கொடுத்துப் பழக்குங்கள். அம்மாவின் வாசம் பட்டால் குழந்தை பாலாடையைத் தள்ளிவிடும்.

வெயிலில் வந்த உடம்புப் பால் சூடு, முதல் பாலைப் பீய்ச்சி விட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் தடுக்கலாம். தாய்ப்பால் எப்போதும் உடல் வெப்பத்தில்தான் இருக்கிறது, பேருந்தில் நின்று வந்ததால் அது கெடாது. முகம் கை கழுவி, புடவை மாற்றி, உடனே கொடுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் சளி காய்ச்சல் வீட்டுக்கு வந்துவிடுமே என்ற பயம் நியாயமானது. ஆனால் அந்தக் கிருமிகளுக்கு உங்கள் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் பால் வழியாகவே குழந்தைக்குப் போகின்றன.

முதல் வாரங்களில் பால் கசிந்து ரவிக்கை நனையலாம். மடித்த பருத்தித் துணி, அடர்நிறப் பூப்போட்ட புடவை, பையில் ஒரு மாற்று ரவிக்கை போதும். மார்பு கட்டிக்கொண்டு வலித்தால் கொஞ்சமாவது பீய்ச்சிவிட்டால் இளகும். ஒரு இடம் சிவந்து, தொட்டால் வலித்து, காய்ச்சலும் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும், பாலூட்டலை நிறுத்தக் கூடாது. பால் கட்டியதற்கு மல்லிகைப் பூ வைத்துக் கட்டச் சொல்வார்கள். அது பாலை வற்றவைக்கும் வைத்தியம். வேலூரில் செய்து 1988இல் வெளியான ஓர் ஆய்வும் மார்பில் கட்டிய மல்லிகை பால் சுரப்பைக் குறைப்பதைக் காட்டியது. தொடர்ந்து பால் கொடுக்க நினைப்பவர் அதைக் கட்டக் கூடாது.

பகலெல்லாம் பாலாடையில் கொஞ்சமாகக் குடித்துவிட்டு இரவெல்லாம் மார்பைத் தேடும் குழந்தைகள் உண்டு. அம்மாவின் தூக்கம்தான் போகும், அதற்காக மாலை வேலைகளை வீட்டில் மற்றவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாளுக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. தொண்டை வறளப் பேசுகிற வேலை வேறு. மேசை மேல் ஒரு பெரிய தண்ணீர்ப் பாட்டில் எப்போதும் இருக்கட்டும்.

பள்ளிக்கு வெளியே வரும் பணிகளுக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். விடைத்தாள் திருத்தும் முகாம், வெளியூர்ப் பயிற்சி, தேர்தல் பணி இவற்றில் பழகிய அறையும் இருக்காது, பழகிய நேரமும் கிடைக்காது. ஆணை வந்தபின் ஓடுவதைவிட, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகலோடு ஒரு பக்கக் கடிதம் தலைமையாசிரியர் வழியாக முன்பே போயிருந்தால் விலக்கோ பக்கத்து மையமோ கேட்பது எளிது. கடிதத்தின் ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.