பல்லிடுக்கில் ஒரு நூல்

இனிப்பு தின்றால் பல் சொத்தையாகும் என்பது குழந்தைக்கும் தெரியும். தின்ற பிறகு வாயில் நடப்பதை 1940-களில் அளந்து காட்டியவர் ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்கப் பல் ஆய்வாளர். குளுக்கோஸ் கரைசலால் வாய் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு, பல்லில் படிந்த கிருமிப் படலத்தில் ஆன்டிமனி மின்முனையை வைத்தார். சில நிமிடங்களில், அமிலத்தன்மை ஏற ஏறக் குறையும் பிஎச் அளவு 5 வரை சரிந்தது. பழைய நிலைக்கு வர அரை மணிக்கும் மேலானது. எனாமல் கரையத் தொடங்கும் எல்லை ஏறத்தாழ 5.5. ஒரேயடியாக லட்டு தின்றவரைவிட, சர்க்கரை போட்ட டீயை நாளெல்லாம் மடக்கு மடக்காகக் குடிப்பவரின் பல்லுக்கு ஆபத்து அதிகம் என்பது இதிலிருந்து கிடைத்த பாடம்.

எச்சிலைத் துப்பிச் சோதித்தால் இந்தச் சரிவு சரியாகத் தெரியாது. அமிலம் ஊறுவது இரண்டு பல்லுக்கு நடுவே, படலத்துக்கு அடியில். சூரிக் பல்கலைக்கழகத்தில் மியூலெமன் குழுவினர் 1960-களில் பகுதிப் பல்செட்டுக்குள்ளேயே மின்முனையைப் புதைத்து அளந்தார்கள். துல்லியமான முறைதான், ஆனால் பல்செட் போட்டவருக்குத்தானே அது?

யாருடைய பல்லிடுக்கிலும் நுழையக்கூடிய நூலின் மவுசு இங்கேதான். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் சமீர் சோன்குசலே குழு, நூல்களைக் கரி மை, பாலிஅனிலின் போன்றவற்றில் தோய்த்து உணரிகளாக்கி 2016-இல் வெளியிட்டது. பாலிஅனிலின் சூழலின் அமிலத்தன்மைக்கேற்ப ஹைட்ரஜன் அயனிகளை ஏற்கும், விடும். மின்னழுத்தம் அதற்கேற்ப மாறும். கோட்பாட்டின்படி, அறை வெப்பநிலையில் ஒரு பிஎச் அலகுக்கு ஏறத்தாழ 59 மில்லிவோல்ட். அதே ஆய்வகம் 2025-இல், பல் இடுக்கு நூலால் எச்சிலை உறிஞ்சி, மனஅழுத்த ஹார்மோனான கார்டிசோலை அளக்கும் கருவியையும் காட்டியது. பல்லிடுக்குக்கென்றே பிறந்த பொருளில் பிஎச் உணரியையும் ஏற்றுவது இயல்பான அடுத்த படி.

எனக்குக் கவலை உணரும் நூலைப் பற்றியல்ல, அதன் மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கப் பக்கத்தில் ஓடும் ஒப்பீட்டு நூலைப் பற்றி. வெள்ளி–வெள்ளி குளோரைடு பூசிய அது அசையாமல் நின்றால்தான் அளவுக்கு அர்த்தம். ஆனால் அதன் மின்னழுத்தம் குளோரைடின் அளவைப் பொறுத்தது. ஊறுகாய் ஒரு துண்டு போதும், வாயில் உப்பு ஏறிவிடும். போதாததற்கு எச்சில் புரதமும் மேலே படியும். 10 மில்லிவோல்ட் நழுவினாலே கணக்கு கிட்டத்தட்ட 0.2 பிஎச் தப்பும், 5.5-ஐ ஒட்டி நிற்கும்போது அது சின்னப் பிழையல்ல. பாதுகாப்பான உறைக்குள் குளோரைடைத் தேக்கிவைப்பது ஒரு வழி. நூல் தடித்துவிடாமல் அதைச் செய்யவேண்டும், இல்லாவிட்டால் பல்லிடுக்கில் நுழையாது.

முதலில் இந்த பிஎச் நூல் யாருக்குப் பயன்படும் என்றால், தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்து எச்சில் வற்றியவர்களுக்கு. அமிலத்தைக் கழுவ எச்சில் இல்லாததால் அவர்கள் பற்கள் வேகமாகச் சொத்தையாகின்றன.